மழைக்கு முன் தூர் வாருகிறவர்கள்

1970, 1991, 2008, 2014, 2018, 2019. இந்த ஆறு வருடங்களிலும் தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருது கரிசல்காட்டுக்காரர்களுக்குப் போயிருக்கிறது. கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன், மேலாண்மை பொன்னுச்சாமி, பூமணி, எஸ். ராமகிருஷ்ணன், சோ. தர்மன். விருது பெற்ற ஆறு நூல்களுமே புனைவு: இரண்டு சிறுகதைத் தொகுப்புகள், நான்கு நாவல்கள்.

திருச்சுழியில் கிளம்பி அருப்புக்கோட்டை, சாத்தூர், கோவில்பட்டி என்று பஸ் பிடித்தால், இவர்களுடைய நிலத்தை ஒரே பகலில் பார்த்துவிடலாம். பருத்தி, கம்பு, மல்லி, மிளகாய். மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம். திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாற்றில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணல்தான். இந்த மண்ணில் இருந்து எப்படி இத்தனை கதை வந்தது?

வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: வறட்சி, வறுமை, கஷ்டம், அதனால் கதை. எனக்கு இது போதவில்லை. கஷ்டம் எல்லா ஊரிலும் இருக்கிறது. கஷ்டம் தானாகப் போய்த் தாளில் உட்கார்ந்துகொள்ளாது. யாரோ ஒருவர் தினமும் உட்கார்ந்து எழுதணும். அந்த நேரம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது, எதற்காக அதைச் செலவழித்தார் என்பதுதான் சரித்திரக் கேள்வி.

கி.ரா.விலிருந்து தொடங்கலாம். 1923-ல் கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பாதியோடு நின்றது. இளவயதில் காசநோய். தொழில் விவசாயம். அவருடைய ‘மாயமான்’ சிறுகதை ‘சரஸ்வதி’யில் வந்தது 1958-ல். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. அதுவரை சும்மா இருந்தாரா? அதே ஊர், அதே வயது கு. அழகிரிசாமி அவருடைய நண்பர். அழகிரிசாமி வேலை தேடிச் சென்னைக்கும், 1950களில் மலாயாவின் ‘தமிழ் நேசன்’ பத்திரிகைக்கும் போனார். இருவருக்கும் நடுவே கடிதங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் பிற்பாடு புத்தகமாகவே வந்தன. அச்சில் ஏறும் ஆசை இல்லாமல், ஒரே ஒரு வாசகனை மகிழ்விக்க எழுதிய பக்கங்கள் அவை. இதைவிட நல்ல எழுத்துப் பட்டறை ஒன்று இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கி.ரா. சொற்களைச் சேர்த்தார் என்பதும் இந்தக் கணக்கில் வரும். கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-ல் வந்தது. அகராதியை ஒரு வேகத்தில் எழுதிவிட முடியாது. களத்துமேட்டில் கேட்டது, டீக்கடையில் கேட்டது என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கணும். கதை எழுதாத நாளிலும் அவர் எழுத்து வேலையில்தான் இருந்திருக்கிறார்.

மேலாண்மை பொன்னுச்சாமியின் கதை இன்னும் கடினம். இதே விருதுநகர் மாவட்டத்தில் மேலாண்மறைநாடு என்ற கிராமம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பிழைப்பு பெட்டிக்கடை. பெட்டிக்கடைக்காரருக்கு விடுமுறை இல்லை. சேர்ந்தாற்போல் ஓய்வும் இல்லை. ஒருவர் வெற்றிலை கேட்பார், ஒருவர் தீப்பெட்டி கேட்பார். அப்படி நறுக்கு நறுக்காகக் கிடைக்கிற பொழுதுகளில் தொகுப்பு தொகுப்பாகச் சிறுகதைகளும் நாவல்களும் எழுதியிருக்கிறார். ‘மின்சாரப் பூ’வுக்கு 2008-ல் விருது. நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். ‘எழுத நேரமில்லை’ என்ற வசனத்தை என் துறையில் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். அந்தக் கடைக்கு முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்க்கணும்.

பூமணி கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். 1982-லேயே ‘வெக்கை’ எழுதிவிட்டார். பெயர் நிலைத்துவிட்டது. ஆனாலும், 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் இவற்றின் ஆவணங்களைத் தேடிப் பல வருடங்கள் உழைத்து, ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் ‘அஞ்ஞாடி’யை 2012-ல் கொண்டுவந்தார். அத்தனை பெரிய நாவலை விருதை எதிர்பார்த்து யாரும் எழுத மாட்டார்கள். எழுதும்போதே ஏதோ கிடைத்துக்கொண்டிருக்கணும்.

அந்த ‘ஏதோ’வைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது கண்மாய். தர்மனின் ‘சூல்’ ஒரு கண்மாயையும் அதை நம்பிய ஊரையும் பற்றிய நாவல். இந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்கு முன்பு குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. கோடையில் ஊர் கூடித் தூர் வாரும், கரையை உயர்த்தும், மடையைச் சரிபார்க்கும். மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது ஊர் கையில் இல்லை. கண்மாயின் ஆழம் மட்டும் ஊர் கையில் இருந்தது. தூர் வாராத கண்மாயில் நல்ல மழை பெய்தாலும் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியே போய்விடும்.

தினமும் எழுதுவதும் இந்த மராமத்து வேலைதான். நல்ல கதை எப்போது வரும் என்று எழுதுகிறவனுக்குத் தெரியாது. வரும்போது தாங்குகிற ஆழம் இருக்கணும். அதற்குத்தான் தினசரி உட்காருவது. வாரிய வண்டலையும் சம்சாரிகள் வீணாக விடுவதில்லை. கரம்பை என்று சொல்லி வண்டியில் ஏற்றித் தங்கள் நிலத்துக்குக் கொண்டுபோவார்கள். மண் வளமாகும். அச்சுக்குப் போகாத பக்கங்களும் அப்படியே: எழுதியவனுடைய நிலத்தில்தான் சேர்கின்றன.

எழுத்தின் சந்தோஷம் எங்கே இருக்கிறது என்பதற்கும் இதில் பதில் உண்டு. அழகிரிசாமி 1970-ல் நாற்பத்தாறு வயதில் காலமானார். ‘அன்பளிப்பு’க்கான விருது வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. கி.ரா.வுக்கு விருது வந்தபோது வயது அறுபத்தெட்டு. விருதுதான் சம்பளம் என்றால் இவர்கள் பாதி வழியிலேயே கடையை மூடியிருப்பார்கள். கி.ரா. 2021-ல் தொண்ணூற்றேழு வயதில் மறைந்தார். கடைசிக் காலம் வரை எழுதிக்கொண்டிருந்தார். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்து மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், கரிசல் மண்ணின் நாதஸ்வரக் கலைஞர்களை வைத்து ‘சஞ்சாரம்’ எழுதி 2018-ல் விருது வாங்கினார். அதற்கு அப்புறமும் அவர் நிறுத்தவில்லை. வாங்கி முடித்தவருக்கு அடுத்த நாள் காலையில் மேசைக்கு வரச் சொல்வது வேறு என்ன?

சம்சாரியைக் கேட்டால் இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை என்பார். காட்டுக்கு ஒரு நாள் போகாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. போய் வரப்பில் நின்று பார்த்துவிட்டாவது வரணும். அங்கே அன்றைக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாவது விஷயம்.