வார்டன் போட்ட கையெழுத்து

மீன்சுருட்டியில் பஸ் ஏறித்தான் நான் விடுதிக்குப் போனேன். எந்த ஊர் விடுதி என்பது இருக்கட்டும். தகரப் பெட்டி, அலுமினியத் தட்டு, ஆதிதிராவிடர் விடுதி. எட்டாவது படிக்கையில் ஒருநாள் சாயங்காலம் எங்களை வரிசையில் நிறுத்தி ஊசி போட்டார்கள். பெயர்களுக்கு நேரே வார்டனே கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை களையெடுப்பை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்த அம்மா, வீங்கிய கையைத் தடவி, "யாரக் கேட்டுடா குத்துனானுவ?" என்றாள். அது என்ன ஊசி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கெடுதல் ஒன்றும் வரவில்லை. அம்மாவின் கேள்விதான் உள்ளே கிடந்தது.

2013இல் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையைப் பற்றிப் படித்தபோது அந்தக் கேள்வி மறுபடி எழுந்து உட்கார்ந்தது. 2009இல் கம்மம் மாவட்டத்தில் (அன்று ஆந்திரம், இப்போது தெலங்கானா) 10 முதல் 14 வயதுள்ள பெண்பிள்ளைகள் சுமார் 14,000 பேரை எடுத்துக்கொண்டு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியைப் போட்டார்கள். பாத் என்ற அமெரிக்க நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் மாநில அரசும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. குஜராத்தில் வதோதராவிலும் நடந்தது. கம்மத்தில் பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். இரண்டு மாநிலத்திலுமாக ஏழு பிள்ளைகள் செத்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

நம் தோழர்கள் சிலர் மேடையில் 'ஊசிதான் கொன்றது' என்று பேசிவிடுகிறார்கள். அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்றுதான் அரசு விசாரணை சொன்னது. ஆனால் அந்தப் படிவங்களைப் பாருங்கள். ஆந்திரத்தில் எடுத்துப் பார்த்த 9,543 படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர் கையெழுத்து. 1,948இல் கைநாட்டு. மருந்து ஏற்கனவே அனுமதி பெற்றது, இது பரிசோதனையே இல்லை என்று நடத்தியவர்கள் வாதாடினார்கள். நிலைக்குழு அதை ஒத்துக்கொள்ளவில்லை.

விடுதி ஏன் வசதி? ஆறு மாதத்தில் மூன்று ஊசி. பிள்ளைகள் ஓரிடத்தில் கிடைப்பார்கள். பெற்றவர்கள் கூலிக்குப் போயிருப்பார்கள். ஒரு பேனா போதும். நம் பிள்ளைகள் படிக்கட்டும் என்று போராடி வாங்கிய இடமே இதற்கும் தோதாகிப்போனது.

பிள்ளைகளிடம் ஆய்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்புறம் பிள்ளைகளுக்கான மருந்தளவை யார் கண்டுபிடிப்பது? செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுப்பதில்லை என்பது அங்கேதான் உலகத்துக்கே தெரிந்தது. ஆய்வு வேண்டும். கேட்டுச் செய்ய வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை, பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது, 7 வயதுக்கு மேல் பிள்ளையின் வாய்ச்சம்மதமும் 12க்கு மேல் எழுத்துச் சம்மதமும் வேண்டும் என்கிறது. எங்கள் காலத்தில் எங்களை யார் கேட்டார்கள்!

2025 வரவு செலவுத் திட்டத்தில் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அதே எச்.பி.வி. ஊசியை இலவசமாகப் போடப்போவதாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. என் தங்கச்சி மகளும் விடுதியில்தான் இருக்கிறாள். "போடலாமாண்ணே?" என்று தங்கச்சி போன் பண்ணினாள்.

"போடும்மா, நல்ல ஊசிதான். ஆனா நீ போயி என்னா ஏதுன்னு கேட்டுட்டு, நீயே கையெழுத்துப் போடு."

"அன்னிக்கு வேல கெடுமே."

"கெடட்டும். புள்ளகிட்டயும் கேளு."