வீட்டுக்கு வந்த பல்கலைக்கழகமும் 47 வயதில் ஒரு செயற்றிட்டமும்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கோ.

லண்டனில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தில் கணினிப் பட்டத்தின் கடைசி ஆண்டுக்கு வந்துவிட்டான். வயது 47. பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். 1995இல் உயர்தர வகுப்பில் இருந்தவன். அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நடந்தவர்களே நீங்கள்தான். அவனுடைய படிப்பு அந்த வழியில் அறுந்தது.

இந்த மாசியில் இரவு வேலை முடிந்து வந்த கையோடு அழைத்தான். "சேர், பாடத்தைத் தந்தால் படிச்சு எழுதிப்போடுவன். கடைசிச் செயற்றிட்டத்திலை பாடமே இல்லை. என்ன செய்யிறதெண்டு நான்தான் சொல்ல வேணுமாம். இந்த வயதிலை இது ஏன் எண்டு விட்டிடலாம் போல கிடக்கு."

நான் சரித்திரம் படிப்பித்தவன். கணினியைப் பற்றி அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவன் படிக்கும் இடத்தின் சரித்திரத்தைச் சொன்னேன்.

1963 செப்டெம்பரில் கிளாஸ்கோவில் பேசிய ஹரோல்ட் வில்சன், வானலை வழியாக நடக்கும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்றார். அதை உருவாக்கிய பெருமை ஜெனி லீக்கு உரியது. சுரங்கத் தொழிலாளியின் மகள். வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சின்னச் சான்றிதழ் போதாதா என்று கேட்டவர்களுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை, மற்றப் பல்கலைக்கழகங்களுக்குச் சமமான பட்டம்தான் வேண்டும் என்று நின்றார். 1969இல் அரச சாசனம் கிடைத்தது. கன்சர்வேட்டிவ் தலைவர்களில் இயன் மக்லியோட் போன்றவர்கள் இதை வெறும் பிதற்றல் என்றார்கள். அவர்களுடைய ஆட்சி 1970இல் வந்தபோது கல்வி அமைச்சராக இருந்த மார்கரட் தாட்சர் அதை மூடாமல் விட்டார். அவரைப் பற்றி எனக்கு வேறு நல்ல அபிப்பிராயங்கள் அதிகம் இல்லை, இதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 பேர் படிக்கத் தொடங்கினார்கள். அந்த முதல் அணியில் ஆகப் பெரிய தொழிற்குழு யார் தெரியுமா? ஆசிரியர்கள்! பயிற்சிக் கலாசாலைச் சான்றிதழோடு வகுப்புக்குப் போனவர்கள், பட்டம் இல்லாதவர்கள். நானும் கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் இருந்து வந்தவன் என்பதால் அந்த வரியை வாசித்தபோது புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைத்தேன்.

வானொலியும் தொலைக்காட்சியும் வீட்டில் இருந்தன. விஞ்ஞானம் படிப்பவர்களுக்குச் சிறிய நுணுக்குக்காட்டி உட்படப் பரிசோதனைப் பெட்டி தபாலில் வந்தது. கணினியை எப்படி அனுப்புவது? முதலில் அனுப்ப முடியவில்லை. ஊரூராக இருந்த படிப்பு நிலையங்களில், தொலைபேசிக் கம்பி வழியாகத் தூரத்துக் கணினியோடு இணைத்த தட்டச்சு முனையங்களை வைத்தார்கள். வேலை முடிந்து பஸ் ஏறிப் போய் முறை காத்திருந்து நாலு வரி அடித்துவிட்டு வர வேண்டும். 1980களில் ஹெக்டர் என்ற சின்னக் கணினியைப் பல்கலைக்கழகமே செய்து தபாலில் அனுப்பியது, அதை வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டலாம். 1988 முதல் சில பாடநெறிகளுக்கு மாணவர்களிடம் சொந்தக் கணினியே இருக்க வேண்டும் என்றானது.

இரண்டு வருடம் தள்ளி எங்கள் பக்கம் பாருங்கள். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தீர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டோம். கணினி என்றால் பத்திரிகையில் வரும் படம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "தம்பி, அறுந்த படிப்பை முடிக்க வருகிறவர்களுக்கென்றே கட்டின இடம் இது. உன்னை அங்கே ஒருத்தரும் வயது போனவன் எண்டு பார்க்கமாட்டினம்" என்றேன். "தலைப்பு?" என்றான். "உன்ரை வீட்டிலை என்ன பழுதாய்க் கிடக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். 2003இல் தாயார் காலமானபோது 31ஆம் நாளுக்கு அச்சடித்த நினைவு மலரின் கோப்பு மட்டும் அவனிடம் இருக்கிறது, புத்தகம் ஒன்றும் மிஞ்சவில்லை. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறதாம்.

அது பாமினி. அந்தக் காலத்தில் எங்கள் அச்சகங்களில் பெரும்பாலும் அந்த எழுத்துருதான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள், எழுத்துரு இல்லாவிட்டால் தமிழும் இல்லை. 1991இலேயே யுனிகோட்டில் தமிழுக்கு இடம் வந்துவிட்டாலும் அச்சகங்கள் மாற வெகுகாலம் எடுத்தன. பழைய மலர்களை யுனிகோட்டுக்கு மாற்றித் தேடத்தக்கதாக்கும் செயலி என்பதே தலைப்பாயிற்று.

30 புள்ளிப் பாடநெறி, அதாவது 300 மணித்தியால வேலை. மூன்று ஒப்படைகள், முடிவில் 10,000 சொல் அறிக்கை. பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்பார்கள், ஒற்றைக்கொம்பு முதலில் வரும், எழுத்து பிறகு. யுனிகோட்டில் எழுத்துத்தான் முதல். அதைச் சுலபமாகத் திருப்பிவிட்டான். மாட்டியது 'ள'வில். கௌரி என்பதில் வரும் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் வெள்ளவத்தையில் வரும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். செயலி வெள்ளவத்தையின் முதலெழுத்தை 'வௌ' ஆக்கி, அந்தரத்தில் ஒரு புள்ளியை விட்டது. தெளிவு, வெளி எல்லாம் அதே கதி. இணையத்தில் இந்தப் பிழையை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இரண்டு கிழமை வட்ஸ்அப்பில் சொற்களை அனுப்பினேன். ளகரத்தை அடுத்துப் புள்ளியோ காலோ இகரக் குறியோ வந்தால் அது ளகரமே, ஒன்றும் வராவிட்டால் அநேகமாக ஔகாரம் என்று விதியை அவன்தான் பிடித்தான். மிஞ்சினதைக் கண்ணால் பார்த்துத் திருத்தினான். அறிக்கையில் சட்டம், ஒழுக்கம் பற்றியும் எழுத வேண்டுமாம். மலர்களில் உயிரோடு இருப்பவர்களின் பெயர், படம், விலாசம் எல்லாம் இருக்கின்றனவே. அதனால் ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டு அனுமதி வாங்கினான். இருபது வயதுப் பிள்ளைக்கு அந்த வீடுகளின் கதவு திறந்திருக்குமா என்பது சந்தேகம்.

செப்டெம்பரில் அறிக்கையைக் கொடுத்துவிட்டான். முடிவு இன்னும் வரவில்லை. தாயாரின் மலரில் முதல் பக்கத்தை எனக்கு அனுப்பியிருந்தான், கைபேசியிலேயே வாசித்தேன்.

உங்கள் வீடுகளில் பாமினியில் அடித்த மலர்களின் கோப்புகள், பழைய இறுவட்டு, பிளொப்பி எதுவாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். உட்பெட்டியில் எனக்கு எழுதுங்கள், அவனிடம் சேர்ப்பிக்கிறேன். குடும்பத்தில் மூத்தவரின் சம்மதத்தையும் கேட்டுக்கொண்டு எழுதுங்கோ.