பழைய கார் தொன்மைக் கார் ஆன வரலாறு

1990ஆம் ஆண்டு ஜூலை மாதம் இலண்டன் உயர் நீதிமன்றம் ஒரு காரைப் பற்றிய வழக்கில் தீர்ப்பு வழங்கியது. வழக்கு காரைப் பற்றியதே எனினும், நீதிபதி ஆட்டன் முடிவுக்கு வருமுன் சில பெயரடைகளின் பொருளை வரையறுக்க வேண்டியிருந்தது. மொழியியல் கற்ற எனக்கு அந்தத் தீர்ப்பின்மீது ஏற்பட்ட ஈடுபாடே இவ்வுரைக்குக் காரணம். காரைப் பழுதுபார்க்கவோ ஏலத்தில் எடுக்கவோ எனக்குத் தெரியாது. சொற்கள் விலையை எவ்வாறு உயர்த்துகின்றன என்பதைப் பற்றி மட்டுமே இங்கே பேச இருக்கிறேன்.

வழக்கிற்குரிய கார் பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று ஆங்கிலேயர் அதனை அழைத்தனர். பிரான்சின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அது முதலிடம் பெற்றது. பின்னர் அதில் வேறொரு பெரிய எஞ்சின் பொருத்தப்பட்டது. 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் உயிரிழந்தார். சிதைந்த கார் மீண்டும் கட்டப்பட்டுச் சாலைக்கு வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஓர் உறுப்பு நீங்கியது. ஏதோ ஒன்று சேர்ந்தது. 1990இல் அதன் உரிமையாளர் அதை 1 கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க இசைந்த நிறுவனம் பிறகு பின்வாங்கியது. லெ மானில் ஓடிய கார் இதுவன்று, அதன் உறுப்புகள் இதில் ஏறத்தாழ எதுவுமே எஞ்சவில்லை என்பது அதன் வாதம்.

நீதிபதி இரு தரப்பையும் கேட்டார். 'ஒரிஜினல்' என்ற சொல் இந்தக் காருக்குப் பொருந்தாது என்றார். ஆனால் 'அதென்டிக்' என்ற சொல் பொருந்தும் என்றார். புதிய உறுப்புகள் சிறிது சிறிதாக, நீண்ட காலத்தில் சேர்ந்தமையால் கார் எந்த நிலையிலும் தன் அடையாளத்தை இழக்கவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட உலகில் வேறொரு காரும் இல்லை. விற்பனைக்கு வந்தது உலோகம் மட்டுமன்று, அதன் வரலாறும் புகழுமே என்பது அவர் கருத்தின் சாரம். விற்றவர் வென்றார்.

இத்தீர்ப்பைத் தமிழில் எழுத முயன்றால் ஒரு சிக்கல் எழும். இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் பேச்சுத்தமிழில் நாம் வைத்திருப்பது 'அசல்' என்ற ஒரே சொல். அரபு மொழியில் வேர், அடி என்னும் பொருளுடைய சொல் அது. இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்தது. கடனில் வட்டிக்கு முற்பட்ட முதலையும் 'அசல்' என்கிறோம். போலியல்லாத பொருளையும் 'அசல்' என்கிறோம். வேர் அப்படியே இருக்கிறதா என்பது ஒரு வினா. வேரிலிருந்து தொடர்ச்சி அறாமல் வந்திருக்கிறதா என்பது வேறொரு வினா. முன்னதை 'மூலம் மாறாதது' என்றும் பின்னதை 'மரபு அறாதது' என்றும் பெயர்க்கலாம் என்பது என் துணிபு. இன்றைய ஏலக்கூடங்களில் விலையை முடிவு செய்வது இந்த வேறுபாடுதான்.

இந்த வினா பந்தயக் காருக்குக் குறிப்பாக எழுவதற்குக் காரணம் உண்டு. குடும்பக் கார் தேயும். பந்தயக் கார் சிதையும். எஞ்சின் வெடிக்கும், உடற்பகுதி நசுங்கும், அடுத்த வாரப் போட்டிக்குள் புதியது பொருத்தியாக வேண்டும். ஓரிரு பருவங்களில் புதிய வடிவமைப்பு வந்துவிட்டால், பழைய பந்தயக் காரால் ஒருவருக்கும் பயனில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் அது உதவாது. நம் ஊரில் காராங்குனிக்காரரிடம் போட வேண்டிய பொருளாகவே அது கருதப்பட்டது.

இதற்கு இத்தாலியின் ஃபெராரி 250 ஜிடிஓ சிறந்த சான்று. அதன் பெயரே ஒரு சிறு வரலாறு. '250' என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவைக் கன சென்டிமீட்டரில் குறிக்கும். 12 சிலிண்டர்களுக்கு ஏறத்தாழ 3 லிட்டர். 'ஜிடிஓ' என்பது 'கிரான் துரிஸ்மோ ஓமோலோகாத்தோ' என்பதன் சுருக்கம். கடைசிச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் உள்ளது: 'ஹோமோஸ்' என்றால் அதே, 'லோகோஸ்' என்றால் சொல். அதே சொல்லைச் சொல்லுதல், அதாவது ஒத்துக்கொள்ளுதல். 'ஒப்பு' என்ற அடியிலிருந்து நாம் 'ஒப்புதல்' என்ற சொல்லைப் பெற்றதும் இதே தடத்தில்தான். அந்தக் காருக்குப் பந்தய ஆணையம் அளித்த ஒப்புதலே அதன் பெயராயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்த ஒப்புதலுக்கு 100 கார்கள் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஃபெராரி செய்ததோ 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே. முன்பிருந்த 250 ஜிடி காரின் திருத்திய வடிவமே இது என்று வாதிட்டு என்சோ ஃபெராரி ஒப்புதலைப் பெற்றார். 100 செய்யப்பட்டிருந்தால் இன்றைய விலை இதுவாக இராது.

புதிதாக இருந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 18,000 டாலர். பத்தாண்டு கழிந்தபின் நிலை வேறு. டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு ஜிடிஓ உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது. 1972இல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. ஆசிரியப் பெருமக்கள் இந்தச் செய்தியைக் கேட்டுப் பெருமூச்சு விடுவதை நான் பார்த்திருக்கிறேன். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் நிக் மேசன் 1970களின் பிற்பகுதியில் 37,000 பவுண்டுக்கு ஒன்றை வாங்கியபோது, அது மிகுதியான விலை என்றே பலரும் எண்ணினர். 1988இல் என்சோ ஃபெராரி மறைந்தார். ஜப்பானில் நிலமும் பங்குகளும் வீங்கிய காலம் அது. கையில் பணம் மிகுந்தோர் ஓவியங்களையும் கார்களையும் தேடினர். 1989இல் ஜிடிஓவின் விலை 13 மில்லியன் டாலரைக் கடந்தது. அடுத்த ஆண்டு டோக்கியோ பங்குச்சந்தை சரிந்தது. 1990களின் நடுவில் அதே கார் நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கைமாறியது. பென்ட்லி வழக்கில் வாங்குவோர் பின்வாங்கிய காலத்தையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். விலை ஏறும்போது எவரும் அகராதியைப் புரட்டுவதில்லை.

பிறகு விலை மீண்டும் ஏறியது. 2014இல் கலிபோர்னியாவில் ஒரு ஜிடிஓ 38.1 மில்லியன் டாலருக்கும், 2018இல் மற்றொன்று 48.4 மில்லியன் டாலருக்கும் ஏலம் போயின. 2023இல் நியூயார்க்கில் விற்ற ஒன்று 51.7 மில்லியன் டாலரைத் தொட்டது.

உயரும் விலையோடு சொற்களும் உயர்ந்தன. 'வின்டேஜ்' என்ற ஆங்கிலச் சொல் திராட்சை அறுவடையைக் குறித்தது. இலத்தீனில் மதுவுக்குரிய 'வீனும்' அதனுள் இருக்கிறது. குறிப்பிட்ட ஆண்டின் சிறந்த மது என்ற பொருளிலிருந்து, குறிப்பிட்ட ஆண்டுகளின் சிறந்த கார் என்ற பொருளுக்கு அது நகர்ந்தது. பிரிட்டனில் 1934இல் தோன்றிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் மன்றம் 1930ஆம் ஆண்டின் முடிவில் எல்லைக்கோடு இழுத்தது. நான்காண்டு பழைய காரையே அவர்கள் 'வின்டேஜ்' என்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வயதைவிடத் தரமே அவர்கள் கருத்தில் நின்றது. 'கிளாசிக்' என்பதன் பயணம் இன்னும் சுவையானது. உரோமில் 'கிளாசிக்குஸ்' என்பவன் சொத்துக் கணக்கெடுப்பில் முதல் வகுப்பில் இடம்பெற்ற குடிமகன். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அவுலுஸ் கெல்லியுஸின் நூலில்தான் அச்சொல் முதல்தர எழுத்தாளனுக்கு வழங்கக் காண்கிறோம். அந்த வழியே இலக்கியத்திற்கும் மொழிக்கும் வந்தது. 2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தபோது அதே சொல்லின் தமிழாக்கத்தையே பயன்படுத்தினோம். இன்று ஏலக்கூடத்தில் அச்சொல் பணக்காரரின் கணக்குப் புத்தகத்திற்கே திரும்பியிருக்கிறது.

நம் சிங்கப்பூரில் இதற்குச் சட்டமே எண் வகுத்துள்ளது. பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் முடிந்ததும் பெரும்பாலான கார்கள் ஏற்றுமதிக்கோ உடைப்புக்கோ செல்கின்றன. 35 ஆண்டைத் தாண்டும் காருக்கோ 'கிளாசிக்' என்ற தனித் திட்டம் உண்டு. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட முதுமைக்குத் தமிழிலும் நல்ல சொல் இல்லை. 'பழைய' என்றால் இரும்புக்கடை. 'தொன்மையான' என்றால் அருங்காட்சியகம்.

விலையேற்றத்திற்கு வேறு காரணமும் உண்டு. பழைய கார்கள் மீண்டும் ஓடத் தொடங்கின. இத்தாலியின் மில்லே மில்லியா பந்தயம் 1927 முதல் 1957 வரை நடைபெற்றது. இன்று அப்பெயரில் நடக்கும் ஓட்டத்தில் அக்காலத்தில் பங்கேற்ற வகைக் கார்களே அனுமதிக்கப்படுகின்றன. ஆகவே ஒரு காரின் அடிச்சட்ட எண்ணும், பழைய பந்தயப் பட்டியலும், ஒளிப்படமும் நுழைவுச்சீட்டாயின. வரலாற்று ஆவணம் பொருளாதார மதிப்புப் பெற்றது. எந்த எண், எந்த நாளில், எந்தக் களத்தில், யார் கையில் என்று நிறுவும் ஆய்வாளர்கள் தோன்றினர். அவர்கள் செய்வது நமக்கு அன்னியமான பணியன்று. ஏட்டுச்சுவடி எவ்வளவு பேணினாலும் சில நூற்றாண்டுகளே நிற்கும். சங்கப் புலவர் காலத்து ஓலை ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. படியைப் பார்த்துப் படி எழுதிய தொடர்ச்சிதான் வந்தது. உ. வே. சாமிநாதையர் ஊரூராகச் சென்று ஏடுகளை ஒப்பிட்டதும், ஒரு சுவடி எந்த மடத்தில் எவர் வீட்டில் இருந்தது என்று குறித்ததும் இந்தத் தொடர்ச்சியை நிறுவத்தான். ஓலை புதிதாயிற்று என்பதால் குறுந்தொகையைப் போலி என்று எவரும் சொல்லவில்லை. ஆட்டனின் தீர்ப்பைத் தமிழ்ப் பதிப்பாசிரியர் எவரும் உடனே விளங்கிக்கொள்வார்.

இவ்விலைகளின் உச்சத்தில் நிற்பது 2022 மே மாதம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் விற்ற மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கார். பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹவுட்டின் பெயரால் அறியப்படும் அவ்வகையில் 1955இல் இரண்டே செய்யப்பட்டன. லெ மான் பேரிடர் நிகழ்ந்த அந்த ஆண்டின் முடிவில் நிறுவனம் பந்தயத்திலிருந்து விலகியதால் அவை போட்டியில் ஓடவே இல்லை. விலை 135 மில்லியன் யூரோ. பந்தய வெற்றி ஒன்றுகூட இல்லாத காருக்கு ஏன் இத்தனை விலை? செய்த நாள் முதல் விற்ற நாள் வரை அது செய்தவர் கையைவிட்டு நீங்கவில்லை. பாடபேதம் அற்ற மூலப்படி என்று நாம் கனவு காண்பதற்கு நிகரான ஒன்று அது.

இந்தச் செல்வப் பெருக்கில் இழந்தவையும் உண்டு. அவற்றைப் பேசுவோர் குறைவு. ஜிடிஓ பிறந்த அதே பட்டறையில் 1960 முதல் 1963 வரை 250 ஜிடிஇ என்ற கார் செய்யப்பட்டது. நால்வர் அமரக்கூடியது, ஏறத்தாழ 950 பிறந்தன. எஞ்சின் நெருங்கிய உறவுடையது. ஆயினும் அதற்குப் பந்தயப் புகழ் இல்லாததால் நெடுங்காலம் விலை மலிவாக இருந்தது. ஜிடிஓவின் விலை விண்ணைத் தொட்டபோது, ஜிடிஇ-யின் உடலைக் களைந்து, சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் ஜிடிஓவின் வடிவத்தைப் பொருத்தும் தொழில் பெருகியது. ஒரு பெருங்காப்பியத்தின் போலிப் படியை எழுத ஒரு சிற்றிலக்கியச் சுவடியைச் சுரண்டியது போன்ற செயல். 2019இல் இத்தாலியின் பொலோனியா நீதிமன்றம் ஜிடிஓவின் வடிவம் காப்புரிமைக்குரிய கலைப்படைப்பு என்று கூறி, அதைப் போன்று செய்யத் திட்டமிட்ட ஒரு நிறுவனத்தைத் தடுத்தது. வடிவத்திற்குக் காப்புக் கிடைத்தது. வெட்டப்பட்ட கார்களுக்கு அது காலம் கடந்த காப்பு. ஜிடிஇ-யையும் விரும்பிச் சேகரிப்போர் இப்போது உள்ளனர். பதிவேடுகளில் அடிச்சட்ட எண்களை வரிசையாகத் தேடிச் செல்லும் அவர்கள், பல எண்களுக்கு எதிரே, ஜிடிஓ போலியாக மாற்றப்பட்டது என்ற ஒற்றை வரிக் குறிப்பையே காண்கின்றனர்.