தோள் அறிந்த மரம்

ஐதராபாத்தில் ‘கன் பவுண்டரி’ வழியே நாள்தோறும் செல்லும் நாம், அப்பெயரின் காரணத்தை எண்ணுவதில்லை. நிஜாம் அலிகானின் படைத்தலைவரான பிரெஞ்சுக்காரர் ரேமோன் அமைத்த பீரங்கி வார்ப்பாலை அங்கிருந்தது. 1798இல் அவர் மறைந்தார், பெயர் நிலைத்தது.

இரும்புக்கு ஊர்ப்பெயர் கிடைத்தது. அதைத் தாங்கிய மரத்துக்கோ ஒன்றுமில்லை. வேட்டைத் துப்பாக்கியின் அடிக்கட்டையைப் பெரும்பாலும் அக்ரூட் மரத்தில், உடையவரின் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்த இழைப்பர். பள்ளம் விழுந்தால் ஈரத்துணியின்மேல் சூட்டிரும்பை வைத்து இழையை எழுப்புவர். ஆளிவிதை எண்ணெய் தேய்த்து மெருகேற்றுவர்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது, அது நன்றே. ஆயினும் எஞ்சிய பழங்கட்டைகளைப் புதிதாக்குவதாக எண்ணிச் சுரண்டிவிடலாகாது. கைபட்டுத் தேய்ந்த இடமே அவற்றின் வரலாறு. சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் படைக்கலங்களைக் காணும்போது, மரத்தையும் சற்றே நோக்குவோமாக.