காட்சியின் முதுகுப்புறம்: டயோராமா முதல் விளையாட்டு எஞ்சின் வரை

1822-ஆம் ஆண்டு ஜூலையில் பாரிஸ் நகரில் லூயி டாகேரும் சார்ல் பூத்தோனும் திறந்துவைத்த டயோராமா மண்டபத்தில், இருளில் அமர்ந்திருந்த சபையோர் முன்னே சுமார் 22 மீட்டர் அகலமும் 14 மீட்டர் உயரமும் கொண்ட துணிச் சித்திரமொன்று விரிந்திருந்தது. மேலிருந்தும் பின்னிருந்தும் புகும் பகலொளியைத் திரைகளாலும் வர்ண மறைப்புகளாலும் கூட்டியும் குறைத்தும், அசையாத அச்சித்திரத்தில் மேகம் கவிவதையும் பொழுது சாய்வதையும் அவ்விருவரும் நிகழ்த்திக் காட்டினர். காட்சி முடிந்ததும் பார்வையாளர் எழுந்து நடப்பதில்லை. அவர்கள் அமர்ந்திருந்த தளமே சுழன்று, அடுத்த சித்திரத்தின் முன் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தும். 1834-இல் டாகேர் துணியின் இருபுறமும் தீட்டிக் காட்டிய நள்ளிரவுப் பூசைக் காட்சியில், முன்னொளி பட்டபோது ஆளற்றுக் கிடந்த தேவாலயம், பின்னொளி ஏற ஏற, விளக்குகள் சுடர, வெற்று நாற்காலிகளில் பக்தர்கள் நிறைந்த கோவிலாயிற்று. இத்தனை சாகசமும் பலித்தது ஒரே காரணத்தால்: பார்ப்பவன் எங்கே இருப்பான் என்பது செய்பவனுக்கு முன்கூட்டியே தெரியும்.

வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரிக்கு அந்தச் சலுகை இல்லை. வாட்டர்லூ யுத்தகளத்தின் மாதிரியொன்றைச் சமைக்க முற்பட்ட அவர், 1830-இல் அந்நிலத்திலேயே பல மாதம் தங்கி மேடு பள்ளங்களை அளந்ததோடு அமையாது, போரில் நின்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை ஏழு மணியளவில் தத்தம் படைப்பிரிவு எங்கே நின்றது, எதிரி எவ்விடம் இருந்தான், சுற்றிலும் என்ன பயிர் விளைந்திருந்தது என்றெல்லாம் வினவினார். சரித்திராசிரியர் பலர் கேட்க மறந்த கேள்வி, அந்தப் பயிரைப் பற்றியது. 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்த அம்மாதிரியில் 70,000-க்கும் மேற்பட்ட உலோகச் சிற்றுருவங்கள் நின்றன. ஆங்கிலேயருக்குத் துணைநின்ற பிரஷ்யப் படைக்கு அதில் அளித்த இடம் ஆங்கிலேயத் தளபதி வெல்லிங்டன் தரப்பினருக்கு உவப்பாக இல்லை. மேசையைச் சுற்றி நடந்து எல்லாத் திசையிலும் நோக்கத்தக்க பொருளாதலால், ஒரு படையைச் சற்றே மறைத்து வைப்பதற்கும் அங்கே மூலை கிடையாது.

பின்வந்த அருங்காட்சியகங்கள் கண்ணாடிக்குப் பின்னே வளைந்த சுவரில் வானத்தைத் தீட்டிப் பார்வையாளனை மறுபடியும் ஓரிடத்தில் நிறுத்தின. கணினி அவனுக்குக் கால் கொடுத்தது. ஆயினும் ஒளியை உடனே கொடுக்கவில்லை. 1996-இல் வெளிவந்த 'க்வேக்' விளையாட்டில், வெளிச்சம் விழும் இடமும் நிழல் படியும் இடமும் பெரும்பாலும் முன்னரே கணிக்கப்பட்டுச் சுவர்மேல் பதிக்கப்பட்டன. விளையாட்டுகளை இயக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினின், 2022-இல் வெளியான ஐந்தாம் பதிப்பில், 'லூமென்' என்னும் அமைப்பு, சூரியனை நகர்த்திய கணமே சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளியையும் மறுபடி கணித்துத் தருகிறது. டாகேரின் திரைகள் செய்த வேலை, இன்று ஒரு கோணத்தை மாற்றுவதில் முடிந்துவிடுகிறது.

ஆனால் நடக்கக் கற்றவன் வீட்டின் கொல்லைப்புறத்துக்கும் போவான்; அங்கே என்ன இருந்தது என்பதற்குச் செய்பவன் விடை சொல்லியாக வேண்டும். பெர்னார்டு ஃப்ரிஷர் தலைமையில் உருவாகி 2007-இல் வெளியிடப்பட்ட பண்டைய ரோமாபுரியின் கணினி மாதிரியில் இச்சங்கடம் தெளிவாகத் தெரியும். சான்று மிகுந்த கட்டடங்களைத் தனித்தனியே வடித்தார்கள். சாதாரணக் குடியிருப்புகளுக்கோ, நான்காம் நூற்றாண்டுப் பட்டியல்கள் வட்டாரந்தோறும் எத்தனை என்று சொல்கின்றனவேயன்றி எவ்விடம் என்று சொல்வதில்லை. ஆகவே, இத்தாலோ கிஸ்மோந்தி 1930-களில் 1:250 அளவில் தொடங்கிய சாந்து மாதிரியை வருடிக் கணினியில் ஏற்றி அதைத் துணைக்கொண்டார்கள். ஒரு கட்டடக் கலைஞரின் அனுமானம், கருவியால் அளக்கப்பட்டதும், தரவு என்னும் மரியாதையைப் பெற்றுவிட்டது. எனக்கு உறுத்தும் இடம் இதுவே. 2009-இல் திருத்தி வெளியிடப்பட்ட லண்டன் சாசனம், இத்தகைய ஆக்கங்களில் சான்று எது, ஊகம் எது என்று பார்ப்பவருக்குப் புலப்படுத்தவேண்டும் எனக் கோருகிறது. காகிதத்தில் அதை அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம். எஞ்சினுக்குள்ளேயோ, விசையொன்றை அழுத்தியதும் அகழ்வில் கிடைத்த சுவர் ஒரு வர்ணத்திலும் ஊகித்த கூரை வேறொரு வர்ணத்திலும் தோன்றும்படி செய்துவிடுவது, சூரியனை நகர்த்துவதைக் காட்டிலும் எளிய வேலை.