பட்டமும் பண்பும்

கல்வி ஒருவர்க்குப் பதவியைத் தரும். பயிற்சியும் ஒழுக்கமும் உடன் சேர்ந்தாலன்றி அது தலைமையைத் தாராது. இவ்வுண்மையை அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வின் இறுதியாண்டில் எத்துணை ஆழ்ந்து உணர்ந்தார் என்பதை, நம் சங்கத்தின் வெள்ளி விழா வேளையில் இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் நலம்.

1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார் அண்ணல். பின்னர் இலண்டனில் பயிலுங்கால் உதவித்தொகைக் காலம் முடிந்தது; 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. ஆயினும் அவர் சோர்ந்தாரில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராய்ப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். பாரிஸ்டராகி 1923-இல் தாயகம் திரும்பினார். தடை வந்தவிடத்து வழியை மாற்றலாம், குறிக்கோளை மாற்றலாகாது என்பதே இதில் நாம் கற்கும் முதற்பாடம்.

தாம் பெற்ற கல்வியைத் தம் மக்களும் பெறவேண்டி, 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அதன் சார்பில் 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950-இல் அவுரங்காபாத்தில் மற்றொரு கல்லூரியும் தோன்றின. சித்தார்த்தா கல்லூரியில் மாணவர் நாடாளுமன்றம் ஒன்றும் இயங்கிற்று. ஆய்ந்து பேசவும், மறுப்பைப் பொறுமையுடன் கேட்கவும் மாணவர்க்கு அது பயிற்சிக் களமாயிற்று. 1950-இல் அண்ணலே அதன்முன் உரையாற்றினார்.

பட்டதாரிகள் பெருகினர், பதவிகளும் வந்தன. ஆனால் 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசிய அண்ணல், படித்தோர் சமுதாயத்தை மறந்து தம் வயிற்றை நிரப்புவதிலேயே முனைந்துவிட்டனர் என்று மனம் நொந்தார். நொந்ததோடு நின்றாரில்லை. அவ்வாண்டு ஜூலையிலேயே, அரசியலில் ஈடுபட விழைவோர்க்கான பயிற்சிப் பள்ளி ஒன்று அவர் முயற்சியால் பம்பாயில் தொடங்கிற்று. முதல் அணியில் சேர்ந்தோர் 15 பேர். டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார். மறு ஆண்டு மார்ச்சில் பள்ளியும் நின்றது.

இளைஞர்களே! இடையில் நின்ற அப்பணியைத் தொடர்வது யார் கடமை? அதற்குப் பெரிய கட்டடம் வேண்டா. சங்கக் கணக்கை ஒளிவின்றி எழுதப் பழகுங்கள். கூட்டத்தில் மாற்றுக் கருத்துடையாரை மதித்துக் கேளுங்கள். வேலை கிடைத்த பின்னர் நம் தெருவிலுள்ள ஒரு தம்பியையோ தங்கையையோ படிக்கவையுங்கள். ஆக்ராவில் அண்ணல் கொண்ட மனவருத்தத்திற்கு நாம் அளிக்கக்கூடிய மறுமொழி அதுவே.