செடான்

முன்னே இன்ஜின், நடுவே ஆட்கள், பின்னே தனியாக டிக்கி என மூன்று பெட்டியாக அமைந்த கார். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், இருவர் கழிகளில் தூக்கிச் சென்ற மூடு நாற்காலிக்கே முதலில் இந்தப் பெயர். ‘உட்கார்’ எனும் லத்தீன் வேரிலிருந்து வந்ததாகப் பலர் கருதுகின்றனர். பிரான்சின் செடான் நகரோடு முடிச்சுப்போட உறுதியான சான்று இல்லை.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தக் கார் ‘பெர்லின்’. அது ஒரு குதிரை வண்டியின் பெயர். அவர்கள் ஆண்ட புதுச்சேரியில் துரைமார் போனதோ, ஆள் பின்னின்று தள்ளிய ‘பூஸ் பூஸ்’ வண்டியில்.

இன்று அங்கே பி.ஒய்.-01 எண் பலகையோடு ஓடும் செடான்களிலும் இரு வகை உண்டு. நீளம் நான்கு மீட்டருக்குள் அடங்கி, இன்ஜினும் சிறியதாக இருந்தால் வரி குறைவு; அதனாலேயே 2012-இல் டிசையர் கார் 3,995 மி.மீ. ஆகச் சுருங்கியது. வெட்டுப்பட்டது டிக்கிதான். ஹோண்டா சிட்டி நாலரை மீட்டரைத் தாண்டும். ஏழு பேர் ஏறும் எர்டிகா குடும்பக் கார்தான், செடான் அல்ல.